அம்மனுக்கு என்று கேட்ட தண்ணீர்

கடல் தண்ணீரைக் காய்ச்சி நல்ல தண்ணீர் எடுக்கும் இடத்தில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்தார். அதே சமயம் எங்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் வயிறுதான் எரிகிறது.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து கொடி மாறிய பிறகு வந்த ஒரு வறட்சி அது. மலாக்காவில், காஜா பெராங்கில் பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி, பலகை வீடுகள் வரிசையாக நின்ற ஒரு சந்தில் குடியிருந்தோம். மாதக்கணக்கில் மழை இல்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் கடல் உள்ளே ஏறிவிட்டது. வீட்டுக் கிணறு உப்பு, சாலைக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம் வருகிற தண்ணீரும் உப்பு. சோறு பொங்கினால் உப்பு, காப்பி போட்டால் உப்பு. பெரியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தோம். வசதி உள்ளவர்கள் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் இருந்து வண்டியில் வந்த தண்ணீரை வாங்கிக்கொண்டார்கள்.

என் மகளுக்கு அப்போது தவழுகிற வயது. வறட்சியில் எனக்குப் பால் வற்றிப் போயிருந்தது. டின் பால்தான். டின் பாலை எதில் கலக்குவது? கிணற்றுத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் குடித்த மறுகணம் கக்கினாள். கக்காதபோது வயிற்றால் போயிற்று. கன்னம் ஒட்டி, உச்சிக்குழி உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே டாக்டருக்கு உதவியாக இருந்த டிரெஸர் பிள்ளையின் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, உப்பில்லாத சுத்தமான தண்ணீரில் பால் கலந்து கொடு, இல்லாவிட்டால் பிள்ளை தங்காது என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. எங்கே போய் எடுப்பது என்று அவர் சொல்லவில்லை. காய்ச்சிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் இன்னும்தான் உப்பாகும் என்றார். அது எனக்குத் தெரியாதா என்ன, ரசம் வைக்கிறவள்தானே நான்.

என் வீட்டுக்காரர் தன்னால் முடிந்ததைச் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வேலை இல்லாத நாளில் சைக்கிளில் டின்னைக் கட்டிக்கொண்டு புக்கிட் ரம்பாய் வரை போய், தெரிந்த மலாய்க்காரர் ஒருவர் வீட்டுக் கிணற்றில் இறைத்து வந்தார். அந்தத் தண்ணீர் இருந்தவரை பிள்ளை தலை தூக்கினாள். பிறகு அந்தக் கிணறும் சேறாகிவிட்டது.

அவர் வேலை பார்த்தது தெங்கேரா தாண்டிக் கடலோரமாக இருந்த ஒரு பவர் ஹவுஸில். கம்பெனி வெள்ளைக்காரக் கம்பெனி. கொடி மாறினாலும் துரை மாறவில்லை. அங்கே நீராவியால்தான் கரண்டு எடுப்பார்கள். நீராவிக்கு பாய்லர், பாய்லருக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் துளி உப்பு இருந்தாலும் பாய்லர் குழாய்க்குள் கல் மாதிரிப் படிந்து ஒரு நாள் வெடித்துவிடுமாம். அதற்காகவே கப்பலில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். இரும்புப் பீப்பாய்க்குள் கடல் தண்ணீரை விட்டு, உள்ளே சுருண்டு கிடக்கும் குழாயில் நீராவியை ஓட்டிக் கொதிக்க வைப்பார்கள். உப்பு அடியில் நின்றுவிடும். மேலே எழுகிற ஆவி, அடுத்த பீப்பாயில் இருக்கும் குளிர்ந்த குழாய்களில் பட்டு நல்ல தண்ணீராகச் சொட்டும். அந்த மெஷினைப் பார்த்துக்கொள்வதுதான் இவர் வேலை. கல்யாணமான புதிதில் இதை எனக்கு எப்படி விளக்கினார் தெரியுமா? இட்லிச் சட்டியைத் திறந்து, மூடியில் இருந்து வழிந்த நீரைக் காட்டி, இவ்வளவுதான் விஷயம் என்றார். அப்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வறட்சியில் அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை. பாய்லர் வயிற்றில் உப்பு போகக் கூடாது, என் பிள்ளை வயிற்றில் போகலாமா? கொஞ்சம் கொண்டு வாருங்கள் என்று தினமும் கேட்டேன். கம்பெனித் தண்ணீர் வெளியே போகக் கூடாது, அது ரூல்ஸ் என்றார். முன்பு ஒருவன் பிளாஸ்கில் செம்புக் கம்பியை மறைத்து எடுத்துப் போய் மாட்டிக்கொண்டதில் இருந்து, வாசலில் காவல் நிற்கும் ஜாகா சாப்பாட்டுக் கேரியரைக்கூடத் திறந்து பார்க்கிறானாம். அந்தத் தண்ணீர் மனிதர்கள் குடிப்பதற்கு இல்லை, குடித்து யாருக்காவது ஏதாவது ஆனால் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்று துரை சொல்லிவிட்டாராம். பாய்லருக்கே பற்றாமல்தான் ஓடுகிறது என்று வேறு சொன்னார். அதை நான் நம்பினேன். புருஷன் சொன்னால் நம்புகிற வயது.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு செட்டி அக்கா இருந்தாள். மலாக்காச் செட்டிமார் எங்களைப் போல விபூதி பூசுவார்கள், அம்மனைக் கும்பிடுவார்கள். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அவளுக்கு நாலைந்து தமிழ்ச் சொல்தான் தெரியும், எனக்கு அரைகுறை மலாய். அதை வைத்துக்கொண்டே நாங்கள் ஊர்வம்பு எல்லாம் பேசி முடிப்போம். சம்பலில் போடுகிற பொடி இறால் வாங்க அவள் தெங்கேராக் கரைக்குப் போவாள். ஒரு நாள் கூடையோடு நேரே என் வீட்டுக்கு வந்து, பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆயர் தாவார். ஹாரி ஹாரி புவாங்," என்றாள்.

நல்ல தண்ணீரைத் தினம் தினம் கொட்டுகிறார்கள் என்று அர்த்தம். எங்கே என்று கேட்டதற்கு, உன் புருஷன் வேலை செய்கிற இடத்தில்தான் என்று கையை நீட்டினாள். நான் நம்பவில்லை. அவள் என்னோடு சண்டை போடவில்லை. பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, என்னைக் கையோடு பஸ் ஏற்றிக் கூட்டிப் போனாள்.

மத்தியான வெயில். பவர் ஹவுஸின் பின்பக்கம் முள்கம்பி வேலி, வேலிக்கு உள்ளே ஒரு கால்வாய். அதில் எண்ணெயும் சாம்பலும் கலந்த கறுப்புத் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்து நீண்டிருந்த ஒரு குழாயில் இருந்து அந்தக் கறுப்புக்குள் கண்ணாடி மாதிரி தண்ணீர் விழுந்தது. லேசாக ஆவி பறந்தது. என் தொடை கனத்துக்கு விழுந்தது. பகலில் ஊருக்குக் கரண்டு கொஞ்சம்தான் தேவை, பாய்லருக்கும் தண்ணீர் கொஞ்சம்தான் தேவை. தொட்டி நிரம்பிவிடும். மெஷினை நிறுத்தினால் உள்ளே உப்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று நிறுத்தவும் மாட்டார்கள். அதனால் மிச்சத்தைக் கொட்டுவார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். குழாய்க்கு மேலே ஒரு இரும்புச் சக்கரம் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து இன்னும் நன்றாகத் திறந்துவிட்டுக்கொண்டிருந்த ஆள் என் புருஷன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வேலிக்கு வெளியே நான் நிற்பதையும் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாக்கி இருந்த சுற்றையும் சுற்றி முடித்துவிட்டு உள்ளே போனார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் அழவில்லை. செட்டி அக்காதான் அழுதாள். எனக்கு அழுகை வருகிற இடத்தில் எல்லாம் கோபம் அடைத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"பத்தலேன்னு சொன்னீங்களே. கொட்டுற தண்ணிதானே அது?"

"நான் கொட்டல. கொட்டச் சொல்றாங்க, கொட்டுறேன்."

"கை உங்க கைதானே?"

ஊமைக் கோட்டான் மாதிரி உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறந்து கத்தியிருந்தால்கூட என் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும். கடைசியில், துரையின் காருக்கு பேட்டரியில் ஊற்ற மட்டும் அந்தத் தண்ணீர் போத்தலில் வெளியே போகும், வேறு எதற்கும் போகாது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார். கார் குடிக்கலாம் என்று தெரிந்தபோது எனக்குச் சமாதானம் வந்துவிடுமா?

மறுநாள் காலையில் இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். அடியில் கிணற்றுத் தண்ணீர். தட்டு வைக்கிற இடத்தில் ஒரு வெண்கலக் கிண்ணம். மூடியைக் குப்புறத் திருப்பி வைத்து, ஓரத்தை மாவால் அடைத்து, மூடிக்குமேல் ஈரத் துணியைப் போட்டேன். துணி சூடாகச் சூடாக நனைத்துக்கொண்டே இருந்தேன். கண் எல்லாம் புகை. விறகு எரிந்து மதியம் ஆனபோது கிண்ணத்தில் அரை டம்ளர் இருந்தது. வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு இல்லை, ருசியும் இல்லை, புகை வாடை மட்டும் இருந்தது. அதில் பால் கலந்து சங்கில் புகட்டினேன். பிள்ளை கக்கவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு பால் அவள் வயிற்றில் தங்கியது. அப்படியே சிரித்துவிடுவேன் என்று நினைத்தேன். ஆனால் தெங்கேராவில் அந்த நேரத்துக்குச் சக்கரம் திறந்திருக்கும் என்ற நினைப்பு வந்தது. கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அடுத்த பாலுக்கு அந்தக் கிண்ணம் வேண்டும் என்பதால் அடிக்கவில்லை.

நாளெல்லாம் அடுப்போடு கிடந்தும் பிள்ளைக்கு அரை வயிறுதான். சந்தில் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுடைய அம்மாக்களும் இட்லிச் சட்டியை ஏற்றினார்கள். விறகு போதவில்லை. கம்பெனியில் போய்க் கேளுங்கள் என்று நான் இவரை அரித்தெடுத்தேன். துரையிடம் நேரே போக இவருக்குக் கால் வராது. ஆபீஸ் கணக்கு எழுதுகிற பெரிய கிராணியிடம் போனார்.

கம்பெனியின் பெரிய கிராணி நம்மவர். எங்கள் தெருக்கோடியில் ரோட்டு வேலைக்காரர்கள் தகரக் கூரை போட்டுக் கட்டிய சின்ன அம்மன் கோயிலுக்கும் அவர்தான் தலைவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சட்டையில் சுருக்கம் விழாது, பேச்சிலும் விழாது. சுதந்திரம் வாங்கிவிட்டு வெள்ளைக்காரனிடம் போய்க் குடிக்கத் தண்ணீர் கொடு என்று கையேந்தி நிற்பதா, நம் மானம் என்ன ஆவது என்று இவரிடமே கேட்டாராம். மானத்தைப் பிள்ளைக்குப் புகட்ட முடியுமா என்று இவர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இவர் இல்லை. கிராணியே ஒரு வழி சொன்னார். அம்மனுக்குத் திருவிழா வருகிறது. அபிஷேகத்துக்கு என்று கேட்டால் அது பிச்சை ஆகாது, துரையும் மறுக்க மாட்டார்.

துரை மறுக்கவில்லை. மனிதர் குடிக்கக் கூடாத தண்ணீரைச் சாமி மேல் ஊற்றினால் அவருக்கு என்ன கவலை? லாரியும் கொடுத்தார். சடங்குக்கு மட்டும்தான், ஒருவரும் குடிக்க மாட்டார்கள் என்று கிராணி வாக்குக் கொடுத்தார், சாட்சிக்கு என் வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டு வந்தார். நம் ஆட்களைத் தவிர வேறு யாராவது இப்படி ஒரு காரியம் செய்வார்களா? வாயைத் திறந்து தனக்கென்று கேட்க வெட்கம், சாமியின் பெயரில் கேட்கத் தைரியம். கேட்டு வாங்கிய பிறகு அதைத் தொட நமக்கே உரிமை இல்லை.

கோயிலில் இதற்கும் ஒரு விவாதம் நடந்தது. மெஷினில் வெந்த தண்ணீரை அம்மனுக்கு ஊற்றலாமா என்று சிலர் இழுத்தார்கள். கடலில் எழுந்து, ஆவியாகி, யார் கையும் படாமல் வருகிற தண்ணீர், இதைவிடச் சுத்தம் கிடையாது என்று கிராணி அடித்துச் சொன்னார். எல்லாரும் மகிழ்ந்து போனார்கள். யார் கையும் படாத தண்ணீர் என்றதும் எனக்கு அந்தச் சக்கரத்தில் இருந்த இரண்டு கைகள்தான் கண்ணில் வந்தன.

திருவிழாவன்று காலையில் லாரி வந்தது. மேளம் அடித்து வரவேற்றார்கள். பீப்பாய் பீப்பாயாக இறக்கி, மஞ்சள் துணி சுற்றி, பூப் போட்டு வரிசையாக வைத்தார்கள். லாரியோடு என் வீட்டுக்காரரும் வெள்ளை வேட்டியில் வந்து இறங்கினார். சந்துப் பெண்கள் எல்லாம் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, உப்புப் பூத்த உதட்டோடு அந்தப் பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அபிஷேகம் ஆன பிறகு சிலை காலடியில் வழிகிற தீர்த்தத்தை ஆளுக்கு ஒரு கை கொடுப்பார்கள். அது என்ன தண்ணீராகவா வரும்? பாலும் தயிரும் மஞ்சளும் சந்தனமும் திருநீறும் கலந்து வரும். அதைப் பிள்ளைக்கு எப்படிப் புகட்டுவது?

முதல் குடத்தை எடுக்கப் பூசாரி குனிந்தார். என் மகள் என் தோளில் துவண்டு கிடந்தாள். அன்று அடுப்பு மூட்ட விறகு இல்லை, முதல் நாள் சாயங்காலத்தில் இருந்து அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை. நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். முன்னால் போனேன். கொண்டுபோயிருந்த செம்பைப் பூசாரிக்கு முன்னால் பீப்பாய்க்குள் விட்டு முக்கினேன்.

மேளம் நின்றது. கிராணி வந்து என்னை மறித்தார்.

"அது அம்மனுக்கு நேர்ந்த தண்ணிம்மா. வெளிய ஊத்திடு."

நான் ஊற்றவில்லை. அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். எனக்காகத்தான் வந்தார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். என்ன பைத்தியக்காரி நான்.

"ஊத்திடு," என்றார் அவரும். "தொரைகிட்ட தலையாட்டிட்டு வந்திருக்கேன்."

அப்போது நான் சொன்னதைச் சந்தில் இருந்தவர்கள் ரொம்ப நாள் சொல்லிக் காட்டினார்கள். நல்லதாகச் சொன்னவர்களும் உண்டு, காறித் துப்பியவர்களும் உண்டு.

"அம்மன் உப்புத் தண்ணியில குளிச்சாலும் அம்மன்தான். எம் புள்ள உப்புத் தண்ணிய குடிச்சா பொணம். யாருக்கு வேணும் இது?"

பூசாரி தன் கையில் இருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கைகால் கழுவுகிறவர் போலக் கோயிலுக்குப் பின்பக்கம் போனார். போனவர் சீக்கிரம் திரும்பவில்லை. அந்த நேரத்துக்குள் மற்ற பெண்களும் செம்போடும் டின்னோடும் வந்துவிட்டார்கள். செட்டி அக்கா தன் சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் மொண்டு ஊற்றினாள். கிராணி கத்தினார். மொள்ளுகிற சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. பூசாரி திரும்பி வந்து, பாக்கி இருந்ததை அம்மனுக்கு ஊற்றினார். அம்மன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அந்தத் தண்ணீரை வைத்துத்தான் என் மகள் பிழைத்தாள். நாங்கள் மண்பானையில் மூடி வைத்து, அளந்து அளந்து பால் கலந்தோம். ஒரு பிள்ளைக்கும் எதுவும் ஆகவில்லை. மனிதர் குடிக்கக் கூடாத தண்ணீராம்.

விஷயம் துரையின் காதுக்குப் போயிற்று. யார் கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாராம். இவர் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். யாரைக் கேட்டு என் பெயரில் மன்னிப்புக் கேட்டீர்கள் என்று நான் போட்ட சத்தம் பத்து பெரெண்டாம் என்ற ஊர் வரை கேட்டிருக்கும். துரை பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார், ஆனால் கோயிலுக்கும் இனித் தண்ணீர் கிடையாது என்றார். அதனால் கோயில்காரர்களுக்கு என்மேல் கோபம். சக்கரம் மட்டும் தினமும் மத்தியானம் திறந்தது.

அதில் இருந்து நான் இவரிடம் வேறு சண்டை போடவில்லை. சாயங்காலம் வந்து சைக்கிளை நிறுத்தியதும் ஒன்றுதான் கேட்பேன்.

"இன்னைக்கும் தொறந்தீங்களா?"

"தொறந்தேன்."

அவ்வளவுதான். பிறகு சோறு போடுவேன். மழை வரும் வரை ஒரு நாள் விடாமல் கேட்டேன். ஒரு நாளாவது இல்லை என்று பொய்யாவது சொல்வாரா என்று பார்த்தேன். சொல்லவில்லை. மழை பெய்தபோது, அம்மன் என்னை மன்னித்துவிட்டாள் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள்.

மகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இவருக்கு வயதாகிக் காது மந்தமாகிவிட்டது, கை நடுங்குகிறது. வீட்டில் எல்லா அறையிலும் குழாய் இருக்கிறது. கை கழுவ வேண்டும் என்றால் இவர் முதலில் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்ப்பார். நான் சமையலறையில் நின்றால் அங்கே வர மாட்டார். பின்கட்டுக்குப் போய், குழாயைத் திறக்காமல், வாளியில் இருக்கிற தண்ணீரை மொண்டு கழுவிக்கொண்டு வருவார். திறந்தால் என்ன, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று ஒரு நாள் சொல்லிவிடலாம். இன்னும் சொல்லவில்லை.